இப்போ யாரு பேசாம இருக்காங்க?

என் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வீட்டில் படம் ஓடினால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வசனம் அவளுக்குக் கேட்கும். யார் பேசுகிறார்கள் என்பதையும் குரலை வைத்தே பிடித்துவிடுவாள். அதனால் அவள் என்னிடம் கேட்கிற கேள்வியே வேறு.

"இப்போ யாருடா பேசாம இருக்காங்க?"

நாற்பது வருஷமாகப் படம் பார்க்கிறேன், கதைப் புத்தகம் படிக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கதைகளிலிருந்து நான் உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால், அது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான்.

நான் ஆரணியில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அம்மா பிறந்தது செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அவளுக்கு வந்தது கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா என்பார்கள். வலியே இல்லாமல் வருகிற வகை. முதலில் பக்கவாட்டுப் பார்வைதான் குறையும். நேரே இருப்பது நன்றாகத் தெரிவதால் நோயாளிக்கே சந்தேகம் வராது. அம்மா வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அடுப்பு மேடை ஓரத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டாள். வயசாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து எல்லாம் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் என்று டாக்டர் சொன்னபோது காப்பாற்றுவதற்கு அதிகம் மிச்சம் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கதையோடு கதையாகப் படித்துவிட்டுப் போய்விட வேண்டாம்.

2020 ஊரடங்கில் மண்டி பாதி நேரம்தான் திறந்திருந்தது. அம்மாவுக்குப் பார்வை முழுதாகப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தத் தெருவும் அப்போது அடங்கிப் போயிருந்தது. சரி, படமாவது போடலாம் என்று 'திருவிளையாடல்' போட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1965-இல் வந்த படம், அதை அவள் காதாலேயே மனப்பாடமாக வைத்திருந்தாள். வானொலியில் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி ஒலிச்சித்திரம் என்று போடுவார்கள் அல்லவா, அது ஒரு பக்கம். ஊரில் கல்யாணம், திருவிழா என்றால் குழாய் ஒலிபெருக்கியில் இந்தப் பட வசனத்தை வைப்பார்கள், அது இன்னொரு பக்கம். தருமியும் சிவபெருமானும் பேசுகிற இடத்தில் இரண்டு பேர் வசனத்தையும் அம்மா முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். முடிந்ததும் கேட்டாள்: "இவங்க ரெண்டு பேரும் இப்படிப் பேசிக்கிறாங்களே, சுத்தி யாருமே இல்லையா? கோயில்ல வேற ஆளே கிடையாதா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை தடவை பார்த்த காட்சி. மறுபடியும் ஓட்டிப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஆரம்பத்தில் நான் மோசமாகக் கதை சொல்கிறவனாக இருந்தேன். "அவனுக்குக் கோபம் வந்துடுச்சு", "அவ சோகமா இருக்கா" என்று முடிவைச் சொல்லிவிடுவேன். அம்மா விட மாட்டாள். "கோபம்னா? கையில என்ன இருக்குது? உட்கார்ந்திருக்கானா, நிக்கிறானா?" அப்புறம் உற்றுப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டேன். டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். கதவைப் பார்க்கிறான். அவ்வளவு போதும், கோபமா பயமா என்று அவளே தீர்மானித்துக்கொள்வாள். ஒரு நாள் ஒரு சிறுகதையை வாசித்து முடித்துவிட்டு, "இதுல இருந்து என்ன தெரியுதுன்னா..." என்று தொடங்கினேன். அம்மா கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினாள். "அத நான் பார்த்துக்கறேன். நீ கதையைச் சொல்லு."

இது எனக்குக் கிடைத்த முதல் பாடம். ஒரு கதைக்கு நீதி கண்டுபிடித்த நிமிஷமே நாம் அந்தக் கதையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். நான் ரொம்ப வருஷமாக நீதிகளைத்தான் சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஒன்று எனக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் நஷ்டம் வைத்தது.

2011-இல் கூட வேலை பார்த்த ஒருவர் இரண்டு லட்சம் கடன் வாங்கினார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கஷ்டகாலத்தில் எனக்குக் கை கொடுத்தவர், செஞ்சோற்றுக் கடன் என்று மறுக்க மனம் வரவில்லை. என் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. கொஞ்ச நாள் தவணை ஒழுங்காகப் போனது. பிறகு அவர் ஊரை விட்டே போய்விட்டார், பாக்கி என் தலையில் விழுந்தது. மறு வருஷம் 'கர்ணன்' படத்தைப் புதுப்பித்துத் திரையரங்குகளில் மறுபடி வெளியிட்டார்கள். 1964-இல் வந்த படம், 2012-இல் கூட்டம் அலைமோதியது. நானும் போனேன். செஞ்சோற்றுக் கடன் தீர்க்க உயிரைக் கொடுக்கிறவனைப் பார்த்து நெஞ்சு அடைத்து அழுதேன். வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது. நானும் கர்ணன் வழிதான், ஏமாந்தாலும் கெட்டவன் இல்லை என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியிலேயே எட்டு வருஷம் ஓட்டினேன்.

ஊரடங்கில் அதே படத்தை அம்மாவுக்குப் போட்டேன். இந்திரன் கிழவனாக வந்து கவச குண்டலத்தைக் கேட்கிற இடம். நான் அந்தக் காட்சியை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல, "இப்போ யாரு பேசாம இருக்காங்க?" என்றாள். அந்த இடத்தில் அவன் மனைவியைத் தேடினேன். படத்தில் அவள் பெயர் சுபாங்கி, தேவிகா நடித்தது. அம்மாவுக்குக் கர்ணன் மனைவி என்றால் பொன்னுருவிதான், கூத்தில் அப்படித்தான். எங்கள் பக்கத்துக் கூத்தில் கர்ண மோட்சம் என்றாலே, பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுமுன் கர்ணன் பொன்னுருவியிடம் விடை கேட்டு நிற்கிற கட்டத்துக்காகத்தான் ஜனம் விடிய விடியக் காத்திருக்கும். அவள் ராஜகுமாரி. பிறப்புத் தெரியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று மனத்தாங்கலோடு இருக்கிறவள். பேசவே மாட்டேன் என்கிறவளிடம் பேசித்தான் அவன் போக வேண்டும்.

அம்மா சொன்னாள்: "குடுத்ததெல்லாம் சரி. பொன்னுருவிகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? அது அவ தாலியும்தானே."

எனக்கு அதற்கு மேல் படத்தைச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.

அப்போதும் மனைவியிடம் எதுவும் பேசவில்லை. சில மாதம் கழித்து 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தை அம்மாவுக்குச் சொன்னேன். 1948-இல் ரோம் நகரத்துத் தெருக்களிலேயே எடுத்தது. தகப்பனாக வருகிறவர் நடிகரே இல்லை, ஆலைத் தொழிலாளி. மொழி புரியாததால் வசனத்தையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. கதை எளிது. சுவரொட்டி ஒட்டுகிற வேலை கிடைக்கிறது, அதற்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிள் அடகில் இருக்கிறது. அவன் மனைவி கட்டில் விரிப்புகளை உருவி மூட்டை கட்டிக்கொண்டு போய் அடகு வைக்கிறாள், சைக்கிள் மீள்கிறது. வேலைக்குப் போன முதல் நாளே அது திருட்டுப் போகிறது. மறுநாள் முழுக்க அப்பாவும் சின்னப் பையனும் ஊரெல்லாம் தேடுகிறார்கள்.

நான் சைக்கிள் திருட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அம்மா அடகுக் கடையிலேயே நின்றுவிட்டாள். "விரிப்பை வாங்கினவன் எங்க வெச்சான்?"

திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கூரை வரைக்கும் அடுக்கு அடுக்காக மூட்டைகள். எல்லாம் மற்ற வீட்டு விரிப்புகள். கடை ஆள் அந்த அடுக்கில் ஏறி ஏறிப் போய் உச்சியில் இவர்கள் மூட்டையைச் செருகுகிறான். எத்தனை வீட்டில் அன்றைக்கு விரிப்பில்லாமல் படுத்திருப்பார்கள் என்று அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் தடவை நான் இதைக் கவனிக்கவே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "சைக்கிள் போனதும் அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்றாள். அன்று சாயங்காலம் அவள் அவனைத் தேடிக்கொண்டு வருகிறாள், அழுகிறாள். அதற்கப்புறம் படம் அப்பாவையும் பிள்ளையையும் பின்தொடர்ந்து போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் அழுகைகூட இல்லை. ஜாமீன் விஷயம் வெளியே வந்த அன்று இரவு என் மனைவி எதுவும் கேட்கவில்லை. காலையில் குளியலறையில் கையில் சோப்பு நுரை தடவி இரண்டு வளையல்களையும் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது கை வளையல் எலும்பில் சிக்கியது. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மெதுவாகத் திருகித் திருகி உருவினாள். துண்டால் துடைத்து மேசை மேல் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டாள். அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். கணக்கு எழுதுகிறவன், தப்பான பேரேட்டில் எழுதினேன்.

அந்தப் படம் முடிந்த இரவு அவளிடம் கேட்டேன், அன்றைக்கு என்ன நினைத்தாய் என்று. அவள் உடனே சொல்லவில்லை. பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள்: "பணம் போனதுக்கு இல்ல. எங்கிட்ட சொல்லல. கடன் குடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல. அதுதான்." ஒன்பது வருஷம் கழித்துக் கேட்டதால் கிடைத்த பதில்.

அதற்குப் பிறகு நான் படிக்கிற முறையே மாறிவிட்டது. மண்டிக் கணக்குக்கு வாங்குகிற நீள நோட்டில் ஒன்றை இதற்கென்று வைத்திருக்கிறேன். பற்று வரவு போடுகிற மாதிரி பக்கத்தை இரண்டாகக் கோடு கிழித்து, இந்தப் பக்கம் பேசியவர்கள், அந்தப் பக்கம் பேசாதவர்கள். ஒரு கதையை முடித்ததும் நிரப்புவேன். இந்தப் பக்கம் கடகடவென்று நிறைந்துவிடும். அந்தப் பக்கம் எழுதத்தான் யோசிக்க வேண்டியிருக்கும், சில சமயம் புத்தகத்தைத் திரும்பப் புரட்ட வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது புரட்டலில்தான் எனக்கு ஏதாவது கிடைக்கிறது. இன்னொரு பழக்கம், வாய்விட்டுப் படிப்பது. கண்ணால் படிக்கும்போது ஒரு பத்தியைத் தாவினால் நமக்கே தெரியாது. வாய்விட்டுப் படித்தால் தாவ முடியாது, நாக்கு தடுக்குகிற இடத்தில் நின்றாக வேண்டும். இருபது பக்கத்துக்கு மேல் ஒரு நாளில் போக வேண்டாம். மறுநாள் தொடங்குமுன் முந்தின நாள் கதையைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். எதை விட்டுவிட்டோம் என்று பாருங்கள். நான் விட்டதெல்லாம் பெரும்பாலும் எனக்குச் சங்கடமான இடங்களாக இருந்தன.

'சத்திய சோதனை'யை இப்படித்தான் படித்தோம், மூன்று மாதம் ஆனது. காந்தி சின்ன வயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, அது மனசை விட்டுப் போகாமல் திரும்பத் திரும்பத் தனக்குள்ளேயே நடித்துப் பார்த்த இடம் வந்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அங்கயும் மயான காண்டம் உண்டா?" என்று கேட்டாள். 1904-இல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகிற ரயிலில் காந்தி, ரஸ்கின் என்ற ஆங்கில எழுத்தாளரின் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுத் தூங்க முடியாமல், வாழ்க்கையையே அதன்படி மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்து, அதே வருஷம் பீனிக்ஸ் பண்ணையைத் தொடங்குகிறார். நான் உற்சாகமாகப் படித்தேன். ஒரு ராத்திரிப் புத்தகம் ஒரு மனிதனை இப்படிப் புரட்டிப் போடுமா என்று எனக்கு வியப்பு. அம்மா கேட்டது என்னவென்று நீங்களே ஊகிக்கலாம். "அந்தம்மா என்ன சொன்னாங்க?"

ஆனால் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் கேள்விக்கு அந்தப் புத்தகத்திலேயே ஓரளவு பதில் இருக்கிறது. 1898-இல் டர்பன் வீட்டில் தங்கியிருந்த ஒரு குமாஸ்தாவின் கழிவுப் பாத்திரத்தைக் கஸ்தூரிபா அழுதுகொண்டே எடுத்துப் போகிறார். சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்று காந்தி கத்துகிறார். உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்ல, கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போகிறார் கணவர். உங்களுக்கு வெட்கமில்லையா என்று அந்த அம்மா கேட்டதையும், தான் வெட்கிப் போய்க் கதவைச் சாத்தியதையும் காந்தியே எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது என் குரல் கம்மியது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்ததையும் கவனித்தேன். என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லத் துணிந்த எழுத்தை நான் அதிகமாக நம்புகிறேன், அதிலிருந்துதான் அதிகமாக எடுத்துக்கொள்ளவும் முடிகிறது.

பாட்டிலும் இதே கேள்விதான். எங்கள் பக்கம் சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். சின்ன வயதில் அது வெறும் அழுகை என்று நினைத்திருந்தேன். அம்மா சொல்லித்தான் வார்த்தையைக் கேட்கத் தொடங்கினேன். செத்துப்போன அண்ணனைத் தேரே, மணியே என்று தூக்கி வைத்துப் பாடிக்கொண்டே வருகிற தங்கை, நடுவில் ஓரடியில், வந்தவளுக்கு ஒரு பாய் போட ஆளில்லை என்பாள். அது அண்ணிக்கு. ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் பதில் கேட்க முடியாது. வருஷக் கணக்கில் வாய் திறக்காதவர்கள் அங்கே பேசிவிடுகிறார்கள். இப்போது எந்தப் பாட்டைக் கேட்டாலும் இது யார், யாரைப் பார்த்து, யார் காதில் விழட்டும் என்று பாடுவது என்று யோசிக்கிறேன்.

பேச்சில்தான் எனக்கு இன்னும் பயிற்சி வேண்டும். மண்டிக்கு நெல் கொண்டு வருகிறவர்கள் எடைக்குக் காத்திருக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார்கள். புருஷன் விலை பேசுவார், குத்தூசி போட்டு எடுத்த நெல்லை வாயில் போட்டுக் கடித்துக் காட்டுவார், ஈரம் இல்லை என்பார். மனைவி 75 கிலோ மூட்டையில் சாய்ந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் அவர் இருப்பதே என் கண்ணில் படாது. இப்போது டீ சொல்லும்போது அவரையும் கேட்டுச் சொல்கிறேன். ஒரு முறை அப்படிக் கேட்டதில்தான், அறுத்து மூன்று நாள் ஆன நெல் ஒரு மூட்டை நனைந்துவிட்டது, அதை வீட்டிலேயே தனியாக வைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு அம்மா சொன்னார். கணவருக்கே அது தெரியாது.

ஒரே ஆள் ஒரே கதையை மறுபடி சொன்னால் 'கேட்டதுதானே' என்று வெட்டிவிடாதீர்கள். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தாத்தா நிறுத்திவிட்டார் என்றுதான் என் சிறு வயதிலிருந்து சொல்லி வந்தாள். நானும் தாத்தாவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஒரு மழை நாள் சாயங்காலம், பத்தாவது தடவையோ என்னவோ, அதே கதை வந்தது. வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "எங்கிட்ட இருந்தது ஒரே பாவாடை. மழையில நனைஞ்சி போயி உட்கார்ந்தேன். பெஞ்சியெல்லாம் சாயம் ஒட்டிக்கிச்சி. எல்லாம் சிரிச்சாங்க. மறுநாள் நானேதான் போவல. எங்கப்பா நாலு நாள் வா வான்னு கூப்பிட்டாரு." எழுபது வயதைத் தாண்டித்தான் அதைச் சொல்ல முடிந்திருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அவள் விரல் புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தது.

இந்தச் சித்திரையில் அம்மாவின் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கர்ண மோட்சத்துக்கு மூன்று பேரும் போனோம். பாய் போட்டு அம்மாவை நடுவில் உட்கார வைத்தோம். முகவீணையும் ஆர்மோனியமும் தொடங்கியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, கர்ணன் உள்ளேயிருந்தே பாடி, ஆடி வெளியே வந்தான். பொன்னுருவியாக வேடம் கட்டியவர் மூங்கில் பந்தல் காலை ஒட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கர்ணன் பாடிக்கொண்டே இருந்தான். நடுச்சாமம் தாண்டியிருக்கும்.

"பொன்னுருவி என்ன பண்றா?" என்றாள் அம்மா.

"பேசலம்மா. முந்தானையைத் திருகிக்கிட்டு நிக்கிறா."

அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி அம்மாவின் காதருகே குனிந்தாள். "இல்ல அத்தை, திருகல. முடிச்சு போட்டுப் போட்டு அவுக்குறா."